கண்ணாடியில் துல்லியம், ஃபிலிமில் மங்கல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பிளைவுட்டில் 4×5 அங்குல கேமரா செய்து 150 மி.மீ. லென்ஸ் பொருத்தியிருக்கிறேன். ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடியில் பிம்பம் பளிச்சென்று தெரிகிறது. கழுவிப் பார்த்தால் ஃபிலிமில் மங்கல். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/22-இல் எடுத்தவை மட்டும் பரவாயில்லை. லென்ஸை மாற்றிவிடட்டுமா?

பதில்: லென்ஸ்மேல் பழி போடாதீர்கள். எஃப்/22-இல் தப்பித்து, துளை பெரிதான எஃப்/5.6-இல் மாட்டிக்கொள்கிறது என்றால், கண்ணாடியும் ஃபிலிமும் ஒரே தளத்தில் இல்லை. எஃப்/5.6-இல் அரை மில்லிமீட்டர் பிசகினாலே படத்தில் தெரியும். எஃப்/22-இல் இரண்டு மி.மீ. வரை மறைந்துவிடும்.

முதலில் கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான முகம் லென்ஸ் பக்கம் இருக்க வேண்டும். பலரும் வழவழப்பான முகத்தை உள்ளே வைத்துவிடுகிறார்கள். 2 மி.மீ. கண்ணாடியில் அந்த ஒரு தவறே ஏறக்குறைய 1.3 மி.மீ. பிழை தரும்.

அது சரியாக இருந்தால் அளவெடுங்கள். 4×5 ஹோல்டரில் (ஃபிலிமை ஏற்றிக் கேமராவில் செருகும் சட்டம்), கேமராவோடு பதியும் பரப்பிலிருந்து ஃபிலிம் படுக்கும் தகடு வரை தர அளவு 0.197 அங்குலம், அதாவது 5 மி.மீ. ஃபிலிமின் கனம் சுமார் 0.18 மி.மீ.; கழித்தால் 4.8. கண்ணாடிச் சட்டத்திலும் பதியும் பரப்பிலிருந்து சொரசொரப்பு முகம் வரை இதே 4.8 வர வேண்டும். சட்டத்தின் குறுக்கே இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, வெர்னியர் காலிப்பரின் ஆழக்கம்பியை இறக்கி அளந்து, ஸ்கேலின் அகலத்தைக் கழியுங்கள். நான்கு மூலையிலும் பாருங்கள். கையால் செய்த சட்டம் ஒரு மூலையிலாவது சாய்ந்திருக்கும்.

எந்தப் பக்கம் பிழை என்பதை ஃபிலிமே சொல்லிவிடும். ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, 15 செ.மீ. கோட்டில் ஃபோகஸ் செய்து, லென்ஸை முழுக்கத் திறந்து எடுங்கள். நெகட்டிவில் அதைவிடக் கேமராவுக்குப் பக்கத்திலுள்ள கோடு கூர்மையாக இருந்தால், கண்ணாடி லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது; பின்னால் தள்ளுங்கள். தூரத்துக் கோடு கூர்மையாக வந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ.; அடைகொடுக்க அதைவிட நல்ல பொருள் தேட வேண்டாம்.

கேள்வி: லென்ஸைப் பொருத்தும் பலகையில் (லென்ஸ் போர்டு) எவ்வளவு பெரிய துளை போட வேண்டும்?

பதில்: ஷட்டரைப் பொறுத்தது. கோபால் (Copal) என்ற ஷட்டர் வகையில் கோபால் 0 என்றால் 34.6 மி.மீ., கோபால் 1 என்றால் 41.6, கோபால் 3 என்றால் 65. அரை மி.மீ. சிறிதாகவே போட்டு அரத்தால் விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபிலிமில் புகை படர்ந்தாற்போல் கருமை வருகிறது. வெளிச்சம் எங்கே நுழைகிறது?

பதில்: ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். ஹோல்டரின் விளிம்பு மறைக்கும் அந்தத் தெளிவான பட்டையும் கருத்திருந்தால் குற்றவாளி ஹோல்டர், அல்லது இருட்டறையில் ஃபிலிம் ஏற்றிய விதம். பட்டை சுத்தமாக இருந்து, படத்துக்குள் மட்டும் கருமை என்றால் கேமராதான். அப்போது இருட்டறையில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கி, பெல்லோஸுக்குள் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புத் துருத்தி) எல்.இ.டி. டார்ச்சை வைத்து, முழுக்க நீட்டி மடிப்பு மூலைகளைச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். எங்கும் பொட்டு வெளிச்சம்கூட இல்லையென்றால் உட்புறப் பூச்சைச் சந்தேகியுங்கள். பளபளப்பான கறுப்பு பெயிண்ட், சாய்வாக விழும் ஒளிக்குக் கண்ணாடி மாதிரிதான். மேட் கறுப்பு அடியுங்கள்.

கேள்வி: ஃபிலிமை வீணாக்காமல் பழக வழி உண்டா? என் லென்ஸில் ஷட்டர் கிடையாது.

பதில்: உண்டு, கறுப்பு வெள்ளை ஃபோட்டோ தாள். சிவப்பு விளக்கில் 10×12.5 செ.மீ. அளவுக்கு வெட்டினால் ஹோல்டரில் நுழையும். அதன் வேகம் ஐஎஸ்ஓ 3 முதல் 6 வரைதான். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 6 என்று வைத்தால் எஃப்/45-இல் ஏறக்குறைய 1.3 விநாடி வரும். லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மூடினாலே போதும். தாள் நீல ஒளிக்கே அதிகம் மசிவதால் இறுதிப் படத்தில் வானம் வெளுத்துப்போகும், சிவப்புச் சட்டை கறுப்பாகும். மல்டிகிரேட் தாளாக (ஒளியின் நிறத்தைப் பொறுத்து கான்ட்ராஸ்ட் மாறும் தாள்) இருந்தால் மஞ்சள் ஃபில்டர் கான்ட்ராஸ்டைக் குறைக்கும், ஆனால் நேரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரே தாளில் டார்க் ஸ்லைடை (ஹோல்டரின் மூடித் தகடு) படிப்படியாகத் தள்ளி நான்கு பட்டையாக எடுத்துப் பாருங்கள்.