டாங்கிக்குள் எவ்வளவு இடம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரஷ்ய, சீன, மேற்கத்திய டாங்கிகளை ஒப்பிட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: ஐயா, ரஷ்ய டாங்கி அடிபட்டால் அதன் மேல்கோபுரம் தனியாகப் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. ரஷ்ய இரும்பு அவ்வளவு மட்டமானதா?

பதில்: இரும்பின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குண்டை எங்கே அடுக்கி வைக்கிறார்கள் என்பதுதான் விஷயம். சோவியத் காலத்து டி-72 டாங்கியின் 125 மி.மீ. பீரங்கிக்கான குண்டு இரண்டு துண்டுகளாக வரும். ஒன்று எறிகுண்டு, மற்றொன்று அதைத் தள்ளும் உந்துமருந்து. மருந்தின் உறை, சுடும்போது தானும் எரிந்துபோகும் வகை. அடியில் ஒரு சிறு எஃகுக் கிண்ணம் மட்டும் மிஞ்சும். இப்படி 22 ஜோடிகள், வீரர்களின் காலடியில், ராட்டினம் போலச் சுழலும் தட்டில் படுத்திருக்கும்.

அந்தத் தட்டு தாழ்வாக இருப்பதால் எளிதில் அடிபடாது. பலரும் கவனிக்காத இடம் வேறு. டி-72-இன் பிந்தைய வகையான டி-72பி மொத்தம் 45 குண்டுகளைச் சுமக்கும். ராட்டினத்தில் போக மீதி 23-ம் வீரர்களைச் சுற்றிக் கிடைத்த இடத்திலெல்லாம் செருகப்பட்டிருக்கும். கவசத்தைத் துளைத்து உள்ளே வரும் சூடான உலோகச் சிதறல் இவற்றில் ஒன்றைத் தொட்டால் போதும். ஒன்று பற்றினால் அடுத்தது பற்றும். அடைத்த பெட்டிக்குள் எரியும் மருந்தின் அழுத்தம் வெளியேற வழி தேடும். கடைசியில் கோபுரத்தையே அதன் வளையத்திலிருந்து பிய்த்துத் தூக்கி எறிந்துவிடும். ராட்டினத்தில் உள்ளதை மட்டும் ஏற்றிக்கொண்டு, உதிரிக் குண்டுகள் இல்லாமல் போருக்குப் போகும் வழக்கம் இந்த அனுபவத்தில் பிறந்ததுதான்.

அமெரிக்க எம்1ஏ2 ஏப்ராம்ஸில் 42-இல் 36 குண்டுகள் கோபுரத்தின் பின்பக்கத் தனி அறையில் இருக்கும். நடுவே தடித்த கதவு, மேலே பலவீனமாகவே செய்த மூடிகள். தீப்பிடித்தால் மூடி பறந்து தீ வானத்தை நோக்கிப் போகும். ஆனால் கதவு மூடியிருந்தால்தான் இந்த ஏற்பாடு உயிர் காக்கும். அவசரத்தில் அதைத் திறந்தே வைத்துக் குண்டெடுக்கும் குழுவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மேற்கத்திய டாங்கி என்றாலே இந்த ஆபத்து இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஜெர்மன் லெப்பர்ட் 2-இல் 15 குண்டுகள்தான் பின்னறையில். மீதி 27 டிரைவருக்கு இடப்பக்கம், வண்டியின் உடலுக்குள் இருக்கும். சிரியாவின் அல்-பாப் சண்டையில் துருக்கியின் லெப்பர்ட் 2ஏ4-கள் சிலவற்றின் கோபுரமும் பறந்தது.

கேள்வி: அப்படியானால் அந்த ஆட்டோலோடரை (குண்டைத் தானாகவே பீரங்கிக்குள் போடும் இயந்திரத்தை) தூக்கிப் போட்டுவிட்டு, குண்டு போட ஓர் ஆளையே வைத்துக்கொள்ளலாமே?

பதில்: ஆட்டோலோடர் குற்றவாளி அல்ல. அதை எங்கே வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. பிரான்ஸின் லெக்லேர்க் டாங்கியிலும் ஆட்டோலோடர்தான், அதற்குள்ளும் 22 குண்டுகள்தான். ஆனால் அவை கோபுரத்தின் பின்னறையில் இருக்கின்றன. அதனால் மூன்று பேர் போதும் என்ற சிக்கனமும் கிடைத்தது, அந்தக் குண்டுகளிலிருந்து பிரிந்து உட்காரும் பாதுகாப்பும் கிடைத்தது.

நான்காவது ஆளை உட்கார வைத்தால் என்ன ஆகும்? அவர் நின்று வேலை செய்ய உயரம் வேண்டும், இருபது கிலோவைச் சுற்றி எடையுள்ள குண்டைத் திருப்ப அகலம் வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிலும் கவசம் போட வேண்டும். டி-72-இன் கூரை தரையிலிருந்து சுமார் 2.2 மீட்டர், ஏப்ராம்ஸ் சுமார் 2.4 மீட்டர். வித்தியாசம் ஒரு சாண்தான். ஆனால் அந்த உயரத்தை முன்னும் பக்கமும் தடித்த கவசத்தால் மூடும்போது எடை டன் கணக்கில் ஏறுகிறது. டி-72 நாற்பத்து சொச்சம் டன்னில் நின்றதற்கும் ஏப்ராம்ஸின் இன்றைய வடிவம் 66 டன்னைத் தாண்டியதற்கும் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது.

வேகத்தைப் பார்த்தால், தேர்ந்த லோடர் முதல் சில குண்டுகளை ஐந்து நொடிக்கு ஒன்றாகப் போடுவார். டி-72-இன் இயந்திரம் வேண்டிய குண்டு பக்கத்தில் இருந்தால் ஏழு நொடி, தட்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தால் அதைவிட அதிகம் எடுக்கும். இயந்திரம் களைப்பதில்லை, மேடுபள்ளத்தில் தடுமாறுவதில்லை. மனிதர் களைப்பார். ஆனால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயின் கழன்றால் மாட்டவும், இரவில் காவல் நிற்கவும் நான்காவது கைகள் இருக்கும். இதை டாங்கிக் குழுவினர் எவரும் சிறிய விஷயமாகச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: சீன டாங்கிகள் ரஷ்ய டாங்கிகளின் நகல்தானே?

பதில்: தொடக்கம் அப்படித்தான். டைப் 59 என்பது சோவியத் டி-54ஏ-வின் சீனப் பதிப்பு. 1969-இல் சோவியத்-சீன எல்லையில் உள்ள ஜென்பாவ் தீவு மோதலில் ஒரு சோவியத் டி-62 சீனர் கையில் சிக்கியது. அதைப் பிரித்துப் படித்தார்கள். 1980களில் மேற்கு நாடுகளோடு உறவு இதமாக இருந்தபோது பிரிட்டனின் எல்7 வழிவந்த 105 மி.மீ. பீரங்கியும் குறிபார்க்கும் கருவிகளும் சீன டாங்கிகளுக்குள் வந்தன. ஆக, இரண்டு பள்ளிக்கூடங்களிலும் படித்தவர்கள் அவர்கள்.

அந்தக் கலவையை 1999 அணிவகுப்பில் உலகம் பார்த்த டைப் 99-இல் தெளிவாகக் காணலாம். பீரங்கி 125 மி.மீ., குண்டு இரண்டு துண்டு, காலடியில் 22 குண்டு ராட்டினம், மூன்று பேர்: இவை அப்படியே டி-72 மரபு. ஆனால் டி-72-இல் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், அதனால் உடல் குட்டை. டைப் 99-இல் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. உடல் நீண்டது, எடை ஐம்பது டன்னைத் தாண்டியது. கோபுரம் வார்ப்பு அல்ல; தகடுகளை வெல்டிங் செய்து, முகப்பில் கவசப் பெட்டிகளைக் கழற்றி மாற்றும் வசதியோடு செய்தது. 99ஏ-வில் 1500 குதிரைத்திறன் இன்ஜினும், கமாண்டர் தனியாகச் சுற்றிப் பார்க்கும் பனோரமா கருவியும் உண்டு. கன்னர் ஒன்றைச் சுடும்போதே கமாண்டர் அடுத்த இலக்கைத் தேடலாம். ரஷ்யாவின் டி-72பி3-இல் அந்தக் கருவி இல்லை என்பதை நினைத்தால், இதை நகல் என்று ஒதுக்குவது சரியாகாது. என்றாலும் ராட்டினத்தை வைத்துக்கொண்டதால் முதல் கேள்வியில் சொன்ன ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது.

கேள்வி: டைப் 99 போரில் எப்படி?

பதில்: அது இன்றுவரை போரில் இறங்கியதில்லை. சீனா ஏற்றுமதிக்காகச் செய்த விடி-4 என்ற வேறொரு டாங்கியை நைஜீரியா கிளர்ச்சியாளர்களுக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறது. அது டாங்கிக்கு எதிர் டாங்கி நின்ற சண்டை அல்ல. எனவே சீன டாங்கிகள் பற்றிய எந்த உறுதியான தீர்ப்பையும் சந்தேகத்தோடு படியுங்கள், புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும்.

கேள்வி: ஒரு பட்டியலில் இந்த டாங்கியின் கவசம் 800 மி.மீ., அந்த டாங்கியுடையது 600 மி.மீ. என்று போட்டிருக்கிறது. உண்மையில் அவ்வளவு தடிமனான இரும்பா?

பதில்: இல்லை. எத்தனை மி.மீ. சாதாரண எஃகுத் தகட்டுக்குச் சமமான தடுப்பு என்பதற்கான மதிப்பீடு அது. மேற்கத்திய டாங்கிகளின் உண்மையான எண் ராணுவ ரகசியம். பட்டியலில் இருப்பது வெளியாட்களின் கணக்கு.

ஓர் உதாரணத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். தொடக்ககால டி-72-இன் முன்தகட்டில் 80 மி.மீ. எஃகு, 105 மி.மீ. கண்ணாடி இழைப் பலகை, மறுபடி 20 மி.மீ. எஃகு. மொத்தம் 205 மி.மீ. இது செங்குத்திலிருந்து 68 டிகிரி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நேராக வரும் குண்டு சாய்வாகக் கடக்க வேண்டிய தூரம் 205-ஐ 0.375-ஆல் வகுத்தால் வரும்: ஏறத்தாழ 547 மி.மீ. ஆனால் அதில் பாதி கண்ணாடி இழை. அதிவேக உலோகத் தாரையாகத் துளைக்கும் ஹீட் குண்டை அது நன்றாகவே தடுக்கும். நீண்ட அம்பு போல வரும் உலோகத் தண்டை அந்த அளவுக்குத் தடுக்காது. எனவே ஒரே தகட்டுக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒரே எண்ணைப் போட்டிருக்கும் பட்டியலை நம்பாதீர்கள்.

மேலே ஒட்டும் வெடிகவசப் பெட்டிகளிலும் இதே பேதம் உண்டு. சோவியத்தின் காண்டாக்ட்-1 ஹீட் குண்டுக்கு மட்டுமே. பின்னால் வந்த காண்டாக்ட்-5-இல் தடித்த தகடு வெடித்து நகர்ந்து அம்புக் குண்டையும் உடைக்கவோ திருப்பவோ பார்க்கும். எந்த டாங்கியானாலும் பீரங்கி புறப்படும் இடம், கோபுர வளையம், டிரைவரின் பார்வைக் கண்ணாடிப் பக்கம் ஆகியவை மெலிந்த இடங்கள். அங்கே பட்டால் பட்டியலின் எண் உதவாது.

கேள்வி: 1991 வளைகுடாப் போரில் ஏப்ராம்ஸ் டி-72-களை நொறுக்கியதே. அதற்கு மேல் என்ன ஒப்பீடு வேண்டும்?

பதில்: எந்த டி-72 என்று கேட்க வேண்டும். ஈராக்கிடம் இருந்தது டி-72எம் என்ற ஏற்றுமதி வகை. சோவியத் படையே அப்போது வைத்திருந்த டி-72பி-யின் கவசம் அதற்கு இல்லை. ஈராக்கியர் சுட்ட அம்புக் குண்டுகளும் பழைய தலைமுறை. 1991 பிப்ரவரி 26-இல் ஈராக் பாலைவனத்தில் 73 ஈஸ்டிங் என்ற வரைபடக் கோட்டருகே சண்டை மணற்புயலுக்கு நடுவே நடந்தது. அமெரிக்கக் கன்னர் வெப்பக் காட்சிக் கருவியில் எதிரியைப் பார்த்தார், ஈராக்கியக் கன்னருக்கு அந்தக் கருவியே இல்லை. யார் முதலில் பார்த்தார்களோ அவர்கள் முதலில் சுட்டார்கள். கவசத்தைவிடக் கண்தான் அன்று வென்றது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சியின் பங்கும் மிகப் பெரியது.

கேள்வி: கனமான மேற்கத்திய டாங்கிகள் சேற்றில் புதையும், ரஷ்ய டாங்கி ஓடிவிடும் என்கிறார்களே?

பதில்: பாதிதான் சரி. சேற்றில் புதைவதைத் தீர்மானிப்பது மொத்த எடை அல்ல. செயின் தரையில் அழுத்தும் அழுத்தம். டி-72-க்கும் தொடக்ககால லெப்பர்ட் 2-க்கும் அது சதுர சென்டிமீட்டருக்கு 0.8 முதல் 0.9 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றே. லெப்பர்டின் செயின் அகலம், நீளம். பிற்கால வகைகளில் கவசம் கூடக்கூட அந்த அழுத்தம் ஏறியது.

எடை கழுத்தைப் பிடிக்கும் இடம் பாலம். ரஷ்யாவின் 46 டன் டி-90 கடக்கும் பாலங்கள் பலவற்றை 66 டன் டாங்கி கடக்க முடியாது. ஏற்றிச் செல்லும் லாரி, ரயில் பெட்டி, சிக்கினால் இழுக்கும் மீட்பு வண்டி என எல்லாமே பெரிதாக வேண்டும்.

கேள்வி: பின்னோக்கி ஓட்டும் வேகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பதில்: ஏனென்றால் உயிர் பிழைப்பது அதில் இருக்கிறது. மேட்டின் மறைவிலிருந்து எட்டிப் பார்த்து, சுட்டு, உடனே பின்வாங்குவதுதான் டாங்கியின் அன்றாட வேலை. லெப்பர்ட் 2 ரிவர்ஸில் மணிக்கு 31 கிலோமீட்டர் போகும். டி-72-க்கு முன்னோக்கி ஏழு கியர், ரிவர்ஸ் ஒன்றே ஒன்று. வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டரைச் சுற்றி, மனிதர் நடக்கும் வேகம். அவசரமென்றால் வண்டியைத் திருப்பியாக வேண்டும், அப்போது மெல்லிய பக்கமும் பின்பக்கமும் எதிரிக்குத் தெரியும்.

இதோடு சேர்ந்தது பீரங்கி குனியும் கோணம். முனை கீழே போகும்போது கோபுரத்துக்குள் இருக்கும் பீரங்கியின் பின்பகுதி மேலே எழும்பும்; தாழ்ந்த கூரை அதைத் தடுக்கும். ஏப்ராம்ஸ் 10 டிகிரி, லெப்பர்ட் 9 டிகிரி குனியும். டி-72 ஆறு டிகிரிதான். ஆகவே அதே மேட்டில் டி-72 தன் உடலை இன்னும் அதிகமாக வெளியே காட்டித்தான் கீழே சுட முடியும். தாழ்வான டாங்கி ஒளிந்துகொள்ளும் என்ற பேச்சு சமவெளிக்குப் பொருந்தும், மேட்டு நிலத்துக்கு அல்ல.

கேள்வி: பிரிட்டன் ஏன் குழாயின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் உள்ள பீரங்கியை வைத்திருந்தது?

பதில்: ஹெஷ் குண்டுக்காக. கவசத்தின் மேல் அப்பிக்கொண்டு வெடிக்கும் அந்தக் குண்டுக்குச் சுழற்சி வேண்டும். கட்டடங்களை இடிக்கவும் நன்றாக உதவும். ஆனால் அதன் சேலஞ்சர் 2 டாங்கியின் குண்டுகளை மற்ற நட்பு நாடுகளோடு பகிர முடியவில்லை. அடுத்த வகையான சேலஞ்சர் 3-க்கு ஜெர்மனியின் வழவழப்பான 120 மி.மீ. பீரங்கி வருகிறது.

கேள்வி: டர்பைன் இன்ஜின் நல்லதா, டீசல் நல்லதா? பழுதானால் எதை மாற்றுவது சுலபம்?

பதில்: ஏப்ராம்ஸும் சோவியத் டி-80-யும் டர்பைன். சிறிய எடையில் பெரிய சக்தி, உறைபனியிலும் சட்டென்று கிளம்பும். கெட்டது பசி: ஏப்ராம்ஸ் நகராமல் நிற்கும்போதே மணிக்குச் சுமார் 40 லிட்டர் குடிக்கும். ரேடியோவுக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் வேண்டுமென்று இன்ஜினை ஓட விட்டால் டாங்கி நின்ற இடத்திலேயே காலியாகும். அதற்காகத்தான் பிந்தைய வகைகளில் தனிச் சிறு ஜெனரேட்டர் வைத்தார்கள். தூசியும் எதிரி; பாலைவனத்தில் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் சக்தி இறங்கும்.

மாற்றுவதில் லெப்பர்ட் முன்னே நிற்கிறது. இன்ஜின், கியர், குளிரூட்டி மூன்றும் ஒரே கட்டியாக வெளியே வரும்; பழகிய குழுவும் கிரேனும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் புதியதை இறக்கிவிடலாம். டி-72-இல் இன்ஜின் தனி, இடைநிலைப் பற்சக்கரப் பெட்டி தனி, இரு பக்க கியர் பெட்டிகள் தனி. புதிய இன்ஜினை இறக்கியதும் அதன் தண்டு பற்சக்கரப் பெட்டியோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, மெல்லிய தகடுகளை அடியில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். பல மணி நேர வேலை அது. அந்த ஒழுங்கை அவசரத்தில் கோணலாக விட்டால், சில நாள் ஓட்டத்திலேயே இணைப்புப் பற்கள் தேய்ந்து வண்டி மறுபடியும் பட்டறைக்கு வரும்.