கெத்தெவன்: ஒரு ஜார்ஜியப் பெயரும் அதன் உச்சரிப்பும்

கேள்வி: மகள் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். வீட்டுக்காரம்மாவின் பெயரை ஆங்கில எழுத்தில் (Ketevan) பார்த்துப் படித்தால் 'கெட்டவன்' மாதிரி வந்துவிடுகிறது. எல்லோரும் அவரைக் 'கெத்தி' என்கிறார்கள். இது கேத்தரின்தானா? எப்படிச் சொல்வது, எப்படி அழைப்பது?

பதில்: 'கெத்தெவன்' என்று எழுதுங்கள், அப்படியே சொல்லுங்கள். ஜார்ஜிய மொழியில் நம் 'ட' ஒலியே கிடையாது; பல்லில் நாக்கு படும் 'த'தான். ஒற்றைத் 'த' போட்டுக் 'கெதெவன்' என்று எழுதினால் 'கதவு' போல மெலிந்துவிடும். அந்த மெல்லொலிக்கு அங்கே தனி எழுத்தே இருக்கிறது. அதனால் 'த்தெ' அவசியம். உயிர்கள் மூன்றும் குறில். 'கே', 'வா' என்று நீட்ட வேண்டாம். 'வன்' என்று முடிவதால் நம் காதுக்கு ஆண்பெயராகப் படும். தமிழில் எழுதும் படிவமானால் முன்னால் 'திருமதி' சேர்த்துவிடுங்கள்.

கேத்தரின் இல்லை. அந்தப் பெயரின் ஜார்ஜிய வடிவம் எக்கத்தெரினெ. செல்லமாக எக்கா, கத்தோ. கெத்தெவனின் செல்லப்பெயர்கள் கெத்தி, கெத்தோ, கெத்தினோ. வேறுபாடு எழுத்திலேயே தெரியும். ஜார்ஜிய மொழியில் மெல்லொலி போக, க, த இரண்டுக்கும் இரண்டிரண்டு எழுத்து உண்டு: மூச்சோடு வருவது ஒன்று, தொண்டையை ஒரு கணம் அடைத்து வெடிப்பது மற்றொன்று. கெத்தெவனில் மூச்சொலிகள், எக்கத்தெரினெயில் வெடிப்பொலிகள். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு மகளைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'கெத்தி' என்னும்போது தாள் அசைய வேண்டும்.

பெயரின் வேர் 'கத்தாயூன்' என்ற பாரசீகப் பெயர். பாரசீகக் காப்பியமான ஷாநாமாவில் வீரன் இஸ்ஃபந்தியாரின் தாய் இவள். பெயர்ப் பட்டியல்களில் காணும் 'தூய்மையானவள்' என்ற பொருள் கேத்தரினுக்குச் சொல்லப்படுவது, இங்கே ஒட்டவைத்துவிட்டார்கள். குழப்பம் பழையது. ஜெர்மன் நாடகாசிரியர் ஆந்திரேயாஸ் கிரிஃபியுஸ், 1657இல் அச்சான நாடகத்தில் ஜார்ஜிய அரசி கெத்தெவனையே 'கத்தரீனா' ஆக்கினார்.

ஜார்ஜியர்களுக்கு இந்தப் பெயரின் மதிப்பு அந்த அரசியால் வந்தது. கிழக்கு ஜார்ஜியாவில் இருந்த ககெத்தி நாட்டு அரசி அவர். மதம் மாற மறுத்ததால் 1624இல் ஷிராஸ் நகரில், பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸின் ஆணைப்படி, பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் வதைத்துக் கொல்லப்பட்டார். அகுஸ்தீன் சபைத் துறவிகள் அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்தனர். பழைய கோவாவின் இடிந்த மடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்பை ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் ஆராய்ந்தது. இந்தியாவில் காணப்படாத, ஜார்ஜியாவில் உள்ள ஒரு தாய்வழி மரபுப் பிரிவு அதில் தெரிந்தது. 2021 ஜூலையில் அதன் ஒரு பகுதியை இந்தியா ஜார்ஜியாவுக்கு அளித்தது. வீட்டுக்காரம்மாவிடம் மகள் கோவாவைப் பற்றிப் பேச்செடுக்கலாம்; மனம் விட்டுப் பேசுவார்.

வயதில் மூத்தவரை 'கல்பத்தொனொ கெத்தெவன்' என்று அழைப்பதே மரியாதை; 'ப' ஒலி 'கம்பம்' என்பதில் வருவது போல. குடும்பப் பெயர் வேண்டாம், முதற்பெயரே போதும். அவராகச் சொல்லும்வரை 'கெத்தி' என்று கூப்பிட வேண்டாம். செப்டம்பர் 26 அரசியின் திருநாள், 'கெத்தெவனொபா'. அன்று காலை மறக்காமல் வாழ்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.