கரிசல் மண்ணில் ஈரப்பத சென்சார்: எதை நம்புவது?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். சென்சார் 12 சதவீதம் காட்டுகிறது. தோண்டினால் மண் ஈரமாகத்தான் இருக்கிறது. எதை நம்புவது? வறட்சி வருவதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: தோண்டிப் பார்த்ததை நம்புங்கள். கரிசல் காயக் காயச் சுருங்கும். அப்போது சென்சார் தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே நூலளவு இடைவெளி விழும். கருவி அந்தக் காற்றையும் சேர்த்து அளப்பதால்தான் 12.

பிடுங்கி, வெடிப்பில்லாத இடத்தில், செடி வரிசையை ஒட்டி மறுபடி வையுங்கள். 30 செ.மீ., 60 செ.மீ. ஆழத்தில் தனித்தனிக் குழி. அந்தந்த ஆழத்து மண்ணையே தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஊற்றி, அதில் செருகி, மேல்மண்ணை அடுக்கடுக்காக இறுக்குங்கள். குழியின் வாயில் சிறு மேடு கட்டாவிட்டால் மழைநீர் ஒயர் வழியே இறங்கிப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஊற்றிய ஈரம் பரவ இரண்டு வாரம் ஆகும். அதுவரை எண்ணைப் பார்க்க வேண்டாம். எப்போதும் காலையில், ஒரே நேரத்தில் அளங்கள். வெயிலில் சூடேறினால் எண் நகரும்.

மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அளக்கும் டென்சியோமீட்டர் இங்கே உதவாது. அந்தப் பிடிப்பு, அதாவது இழுவிசை, 80 சென்டிபாரை நெருங்கும்போதே அதில் காற்று புகுந்துவிடும். மானாவாரிக் கரிசல் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும்.

சென்சாரைச் சரிபார்க்கத் தராசுதான் வழி. அதே ஆழத்து மண்ணை மூடியுள்ள டப்பாவில் எடுத்து உடனே எடை போடுங்கள். 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். ஈரமண் 100 கிராம், உலர்ந்தது 80 என்றால் 20-ஐ 80-ஆல் வகுக்க வேண்டும்: 25 சதவீதம். பலர் 100-ஆல் வகுத்து 20 என்று எழுதிவிடுகிறார்கள். சென்சார் காட்டுவதோ கன அளவுச் சதவீதம். எனவே மண்ணின் அடர்த்தியால் (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) பெருக்க வேண்டும்; அது 1.3 என்றால் 32.5. ஈரமான நாள், நடுத்தர நாள், காய்ந்த நாள் என்று மூன்று முறையாவது ஒப்பிட்டால்தான் சென்சார் எவ்வளவு விலகுகிறது என்று தெரியும்.

ஆனால் 32.5 என்ற எண்ணை வைத்து மட்டும் வறட்சியைச் சொல்ல முடியாது. கரிசல் போன்ற களிமண்ணில் பெரும்பகுதி நீரை வேர் இழுக்கவே முடியாது. நல்ல மழை பெய்து மூன்று நாள் வடிந்தபின் 40, பயிர் வாடி மீளாத நிலையில் 22 என்று வைத்துக்கொள்வோம். பயிருக்குக் கிடைப்பது நடுவிலுள்ள 18 மட்டும். இப்போது 32.5-இல் 22 போக அதில் 10.5 மிச்சம், அதாவது 58 சதவீதம். மக்காச்சோளத்துக்கு இது 45-க்குக் கீழே போனால் வளர்ச்சி பாதிக்கும். ஆண் பூ வரும் சமயத்தில் அந்த எல்லையைத் தொடவே விடக்கூடாது.

வாராவாரம் இந்தச் சதவீதத்தை எழுதிவாருங்கள். 30 செ.மீ. ஆழத்தில் இறங்கி 60 செ.மீ. ஆழத்தில் அசையாமலிருந்தால் பயிர் தாங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால், இலை சுருளும் முன்பே களையெடுத்து, வெடிப்பு மூடும்படி மேலாகக் கொத்திவிட்டு, பண்ணைக்குட்டை நீரை உயிர்த்தண்ணீராகப் பாய்ச்சுங்கள்.

செல்போனில் வரும் செயற்கைக்கோள் வரைபடம் வட்டார நிலைக்குத்தான் சரி. 2015-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் உணர்வது மேல் 5 செ.மீ. ஈரத்தை, அதுவும் பக்கத்துக்குச் சுமார் 36 கி.மீ. உள்ள சதுரத்துக்கு ஒரே சராசரியாக. ஒரு தூறல் விழுந்தாலே அது ஈரம் என்று காட்டும்; வேர் இருக்கும் ஆழத்துக்கு அந்தத் தூறல் இறங்கியிருக்காது.