கொரோனா கட்டுப்பாடு: அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறே மாதத்தில் மாறியது ஏன்?

வழிபாட்டுத் தலங்களுக்கு மாநில அரசுகள் போட்ட ஆள் வரம்பை முதலில் அனுமதித்த நீதிமன்றம், பிறகு ஏன் தடுத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி விடை சட்டத்தில், மீதி நீதிபதி நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதில்.

2020 மே மாதம் கலிபோர்னியா வழக்கு. தேவாலயத்தில் கொள்ளளவில் 25 சதவீதம், அதிகபட்சம் 100 பேர் என்பது விதி. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், கச்சேரிக்கும் சினிமாவுக்கும் இதே கெடுபிடி, சில இடங்களில் இன்னும் அதிகம்தானே என்றார். பெரியம்மைத் தடுப்பூசி போட மறுத்தவருக்கு 5 டாலர் அபராதம் விதித்தது செல்லும் என்ற 1905 தீர்ப்பையும் துணைக்கு அழைத்தார். ஒன்பது நீதிபதிகளில் 5-க்கு 4 என்று அரசு தப்பித்தது.

அப்புறம் செப்டம்பரில், அரசின் பக்கம் நின்ற ஐவரில் ஒருவரான நீதிபதி கின்ஸ்பர்க் காலமானார். அவர் இடத்துக்கு பாரெட் வந்தார். நவம்பர் 25 அன்று நியூயார்க் வழக்கில் அதே 5-க்கு 4, ஆனால் எதிர்ப்பக்கம், அரசுக்குத் தோல்வி!

ஆள் மாறியது மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் விதியும் கடுமைதான். தொற்று மிகுந்த சிவப்பு மண்டலத்தில் 10 பேர், அதற்கு அடுத்த ஆரஞ்சு மண்டலத்தில் 25 பேர். ஆயிரம் பேர் உட்காரும் தேவாலயத்துக்கும் அதே பத்துதான். பக்கத்தில் அக்குபஞ்சர் நிலையம் இருந்தால் அது 'அத்தியாவசியம்', ஆள் கணக்கே கிடையாது. இந்த வேறுபாட்டுக்கு அரசிடம் சரியான பதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு வருவதற்குள் வழக்குப் போட்டவர்களின் பகுதிகளுக்கு அந்த வரம்பை மாநில அரசே தளர்த்திவிட்டது. பிறகு எதற்கு அவசரத் தடை என்றுதான் ராபர்ட்ஸ் மறுப்புத் தெரிவித்தார்.