பெட்டியில் 2000, படகில் எவ்வளவு?

மழை வலுத்தால் படகு வைத்திருப்பவர்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே படகு, பம்ப், பணம். பம்ப் என்றால் பில்ஜ் பம்ப்: படகின் அடிக்குழியான பில்ஜில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என்னுடைய 18 அடி ஃபைபர் படகு டர்பன் துறைமுகத்தில் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறது. அடியில் 500 கேலன் பில்ஜ் பம்ப் ஒன்று இருக்கிறது. கூடுதலாக ஒன்று போடலாம் என்று கடைக்குப் போனால், "2000 கேலன் எடுங்க, அப்புறம் கவலையே இல்லை" என்கிறார்கள். வாங்கட்டுமா? - சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: இரண்டாவது பம்ப் நல்ல யோசனை. "கவலையே இல்லை" என்பதுதான் சரியில்லை. இந்தப் பெட்டி எண் விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் கோபம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருப்பது மணிக்கு இத்தனை அமெரிக்க கேலன் என்ற கணக்கு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். நம் வீட்டுப் பெரியவர்கள் பழகியது பிரிட்டிஷ் கேலன், அது 4.546 லிட்டர். நாலரையால் பெருக்கி "மணிக்கு 9000 லிட்டர்" என்று சொல்லி விற்பவரை நானே பார்த்திருக்கிறேன். உண்மையில் 7570. அந்த 7570-ம் எப்படி அளந்தது? தண்ணீரை மேலே ஏற்றும் வேலை இல்லாமல், வளைவு நெளிவு இல்லாமல், 13.6 வோல்ட் கொடுத்து அளந்தது. இன்ஜின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போதுதான் அந்த வோல்டேஜ் கிடைக்கும். நடுராத்திரி மழையில் ஆளில்லாமல் கிடக்கும் படகில் 12 சொச்சம்தான். தண்ணீர் ஒரு மீட்டராவது மேலே ஏறி, இரண்டு மூன்று முறை திரும்பி, படகின் பக்கவாட்டுத் துவாரம் வழியாக வெளியே போக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இதிலேயே போய்விடும். ஓஸ் மட்டமானதாக இருந்தால் பாதி கூடப் போகும். பம்ப் பெட்டி மட்டுமல்ல, லோட் ஷெட்டிங் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது 2000 வாட் என்று பெட்டியில் போட்ட இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கினேன். கெட்டிலைப் போட்டதும் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. இன்னும் கராஜில் கிடக்கிறது.

இப்போது தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 25 மி.மீ. ஓட்டை ஒன்று விழுந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். மணிக்கு 2500 லிட்டர். உங்கள் 500 கேலன் பம்ப் பெட்டிக் கணக்கிலேயே 1890 லிட்டர்தான். அது மழைத் தண்ணீருக்கு, ஓட்டைக்கு அல்ல.

அதனால் பழையது இருந்த இடத்திலேயே, ஆகத் தாழ்வான இடத்தில், இருக்கட்டும். தினசரி ஊறும் தண்ணீரை அது பார்த்துக்கொள்ளும். புதியதை அதைவிடச் சில செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள். அதற்குத் தனி மிதவை சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் தானே பம்பை ஓட்டுவது), தனி ஃபியூஸ், தனி ஓஸ், தனி வெளிவாய் வேண்டும். ஒயர் மெயின் சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது. பேட்டரியிலிருந்து நேரே, ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்து வரட்டும். படகைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போது மெயினை அணைப்போம் அல்லவா, பம்பும் சேர்ந்து அணைந்தால் என்ன பயன்? ஒயர் இணைப்புகளைத் தண்ணீர் தொடாத உயரத்தில், உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் உறை போட்டு மூடுங்கள். இந்த இரண்டாவது பம்ப் ஓடினால் ஒரு பஸ்ஸர் கத்தும்படி வைத்தால் இன்னும் நல்லது. அது ஓடுகிறது என்றாலே ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

2000-ஆ, 1100-ஆ? 1100 கேலன் பம்ப் 4 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். 2000 அதைப்போல இரண்டு மடங்கு. இருப்பது ஒரே பேட்டரி என்றால் 1100 எடுங்கள், மிச்சக் காசை நல்ல ஒயருக்கும் ஓஸுக்கும் போடுங்கள். தனி பேட்டரி வைக்க இடமிருந்தால் 2000 சரி. எதுவானாலும் ஓஸ் உள்ளே வழுவழுப்பாக, பம்ப் கேட்கும் அளவில் இருக்க வேண்டும். 28 மி.மீ. வாயுள்ள பம்பைப் பழைய 19 மி.மீ. ஓஸில் மாட்டினால் பெரிய பம்பின் காசு வீண். மலிவு என்று மீட்டர் கணக்கில் வாங்கிய சுருள் ஓஸ் ஒன்று எங்கள் படகில் வளைவிலேயே வெடித்து, வெளியே போக வேண்டிய தண்ணீரை உள்ளேயே சுற்றவிட்டது.

கேள்வி: புதிய பம்பின் ஓஸைப் பழைய ஓஸோடு ஒரு T வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்தால் படகில் இன்னொரு துளை போட வேண்டாமே? - டோங்காட் வாசகர்

பதில்: கூடாது. ஒரு பம்ப் தள்ளும் தண்ணீர் இன்னொன்றின் வழியாக மறுபடியும் பில்ஜுக்கே வரும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் வேண்டாம், குப்பை சிக்கி ஒருநாள் மூடியபடியே நின்றுவிடும்.

கேள்வி: அக்கா, கடையில் வாங்கிய பம்ப் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. கொண்டுபோனால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டுகிறார்கள். "தண்ணீர் பட்டுக் கெட்டது, உங்கள் தப்பு" என்றும் சொல்கிறார்கள். என் தம்பியின் சம்பளத்தில் வாங்கியது. - வெருலம் வாசகி

பதில்: தண்ணீருக்குள் இருப்பதற்கென்றே செய்த பம்ப் தண்ணீர் பட்டுக் கெட்டதாம்! அம்மா, அந்த போர்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, பிரிவு 56-இன்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். கடைக்காரர் அல்ல. திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது. பழுதுபார்த்துக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால், பணம் அல்லது புதுப் பொருள், வேறு பேச்சே கிடையாது. ஒயரைத் தம்பி தப்பாக மாட்டியிருந்தால் மட்டும் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. அதனால் பொருத்தியிருந்த விதத்தைக் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மனுக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. ரசீதைத் தொலைக்கவில்லையே?

கேள்வி: பழைய படகு ஒன்றை 'ஃபூட்ஸ்டூட்ஸ்' (குறையோடு உள்ளபடியே) என்று எழுதி வாங்கினேன். பம்ப் இரண்டு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீரில் இறக்கினால் இரண்டும் நிற்காமல் ஓடுகின்றன. பணம் திரும்பக் கிடைக்குமா? - பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: வாங்குவதற்கு முன் மிட்மார் அணை பக்கத்திலேயே இருந்ததே தம்பி, அரை மணி நேரம் இறக்கிப் பார்த்திருக்கக் கூடாதா? சின்னப் படகில் இரண்டு பம்ப் கண்டால் எதற்கு இரண்டு என்று கேட்கத் தோன்ற வேண்டாமா?

சரி, நடந்தது நடந்துவிட்டது. விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. படகு விற்பதே தொழிலாக உள்ளவர் என்றால் நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம். என்ன குறை என்று குறிப்பிட்டுச் சொல்லி, அதை நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, 'உள்ளபடியே' என்று பொதுவாக எழுதி அவர் தப்பிக்க முடியாது. தன் சொந்தப் படகை ஒருமுறை விற்ற தனி ஆள் என்றால் அந்தச் சட்டம் வராது, ஃபூட்ஸ்டூட்ஸ் நிற்கும். ஓட்டை இருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் அது உடையும். அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். புதுப் பெயிண்டுக்கு அடியில் அவசரமாக அப்பிய ஃபில்லர் தெரிந்தால், போட்டோவோடு வக்கீலைப் பாருங்கள். மூன்றாவது பம்ப் வாங்கப் போகாதீர்கள்.

கேள்வி: ட்ரெய்லரில் ஏற்றி வைக்கும் ஸ்கி போட் என்ற சின்ன மோட்டார் படகு. எப்போது இறக்கினாலும் பத்து நிமிடத்தில் பில்ஜ் நிறைகிறது. எவ்வளவு பெரிய பம்ப் வாங்கலாம்? - அம்கோமாஸ் வாசகர்

பதில்: முதலில் வடிகால் தக்கையைப் போடுங்கள். போட்டும் நிறைந்தால், தக்கையின் ரப்பரை மாற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கூடுதல் பம்ப் பொருத்த ஒருவரிடம் விட்டேன். எவ்வளவு ஆகும் என்று சொல்லவே இல்லை. முடித்ததும் பெரிய பில். பழைய பம்பையும் மாற்றிவிட்டாராம், அதைக் கேட்டால் "தூக்கிப் போட்டாச்சு" என்கிறார். - ரிச்சர்ட்ஸ் பே வாசகர்

பதில்: பழையது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்றால் அது இப்போது வேறு யார் படகிலோ ஓடிக்கொண்டிருக்கலாம். கழற்றிய பாகங்களைத் தனியே எடுத்து வைத்து, ஓரளவு சுத்தமான பையிலோ டப்பாவிலோ போட்டு உங்களிடம் தர வேண்டும் என்று அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 67 சொல்கிறது. வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால்தான் விதிவிலக்கு. மதிப்பீடு தராமலோ உங்கள் சம்மதம் வாங்காமலோ செய்த வேலைக்குப் பணம் கேட்க பிரிவு 15 இடம் தராது. போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு, பிரிவு 57. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் அதற்கே பில் இளைத்துவிடும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பம்ப் வந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் பொருத்தவில்லை. மனசு மாறிவிட்டது. - ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: கையில் கிடைத்ததிலிருந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம். அனுப்பும் செலவு உங்களுடையது. இன்றைக்கே எழுதுங்கள்.

கேள்வி: கூடுதல் பம்புக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன், அடிக்கடி போகிறது. மச்சான் 30 ஆம்பியர் போடச் சொல்கிறார். - மெர்பேங்க் வாசகர்

பதில்: மச்சானை அந்தப் பக்கம் விடாதீர்கள். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இறக்கை சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டால் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ் அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும், ஒயர்தான் எரியும். தயாரிப்பாளர் காகிதத்தில் சொன்ன அளவு என்னவோ அதையே போடுங்கள். அப்புறம் பம்பின் அடிச் சல்லடையைக் கழற்றி இறக்கையைப் பாருங்கள். மீன்பிடிப் படகு என்றால் தூண்டில் நரம்பு ஒரு முழமாவது அங்கே சுற்றிக் கிடக்கும்.