கொப்பளிக்கும் சுவருக்கு இன்னொரு கோட்டிங் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். போன முறை அடித்த பெயின்ட் ஆறே மாதத்தில் கொப்பளித்து உரிந்துவிட்டது. விலை கூடிய வாட்டர் புரூஃப் கோட்டிங் வாங்கித் தந்தால் சரியாகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்டீர்களா? அதற்குப் பதில் இல்லாமல் எந்த டப்பாவை வாங்கினாலும் வீண்தான். சுவருக்குள் தண்ணீர் இருக்கும்போது உள்பக்கம் கோட்டிங் அடித்து மூடினால், அது ஒன்று கோட்டிங்கையே தள்ளிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் மூடாத இடமாகப் பார்த்து இன்னும் மேலே ஏறும்.

முதலில் ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் திறக்காமலே காலையில் எண் நகர்ந்திருந்தால் வீட்டுக்குள் வரும் குழாயில் எங்கோ கசிவு. நகரவில்லை என்றால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், கழிவுநீர்க் குழாயிலோ டைல்ஸ் இடுக்கிலோ கசிந்தால் மீட்டருக்குத் தெரியாது. அதற்கு, குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து, வாசற்படியைத் தாண்டாத அளவுக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் விடும் முன் ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் குளியலறைத் தரையைத்தான் கவனிக்க வேண்டும், படுக்கையறைச் சுவரை அல்ல. கோட்டிங் வாங்குவதாக இருந்தால் அங்கே, டைல்ஸுக்கு அடியில் போட வாங்குங்கள். புது டைல்ஸ் ஒட்டும் முன் இதே சோதனையை இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒட்டிய பிறகு உடைப்பதைவிட மேல்.

குளியலறையை ஒட்டாத சுவர்களிலும் அதே உயரத்துக்கு ஈரமும் வெள்ளையாக உப்பும் இருந்தால் கதை வேறு. அது மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சி ஏற்றும் ஓதமாக இருக்கலாம். பெரும்பாலும் சுமார் ஒரு மீட்டருக்குள்தான் நிற்கும்.

கசிவை அடைத்த கையோடு, பெயின்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் புட்டியை வைக்க அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். உப்பேறிய பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைக் காயப் போட வேண்டும். சுவரின் ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். காற்றோட்டம், வெயிலைப் பொறுத்து முன்பின் ஆகும். அதுவரை கட்டிலை அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

அப்புறம், உத்தரவாதம் என்று சொன்னால் பொருளுக்கா வேலைக்கா என்று எழுதி வாங்குங்கள். பொருளுக்கு மட்டும் என்றால், மறுபடி கசியும்போது புதிதாக ஒரு டப்பா கொடுப்பார்கள், உடைக்கிற கூலியும் பூசுகிற கூலியும் உங்கள் தலையில்தான்.