நகவெட்டியைப் பார்த்தாலே உறுமும் நாய்

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். எங்கள் ஸ்பிட்ஸ் நாய்க்கு மூன்று வயது. போன மாதம் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து நகம் வெட்டியதில் ரத்தம் வந்துவிட்டது. அதிலிருந்து நகவெட்டியை எடுத்தாலே உறுமுகிறது. எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில் இடத்தை மாற்றுங்கள். உங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் போடும் ஆத்தங்குடி டைல்ஸ் வழவழப்பானது. அதில் ஒரு காலைத் தூக்கினால் மற்றக் கால்கள் வழுக்கும்; விழுந்துவிடுவோமோ என்றே நாய் பாதி திமிறும். முகப்புத் திண்ணையில் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் நிறுத்துங்கள். வளவில் (உள்முற்றத்தில்) பிள்ளைகள் ஓடியாடும் நேரம் வேண்டாம்.

நகவெட்டியைக் காட்டுங்கள். காட்டிய பிறகு, உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் சுண்டுவிரல் நகமளவு கொடுங்கள். கோழியை முதலில் நீட்டினால், அடுத்து நகவெட்டி வரும் என்று கணக்குப் போட்டுக் கோழியையும் நம்பாது. குழம்பில் கிடந்த துண்டு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

தினம் இரண்டு நிமிடம் போதும். நகவெட்டியைக் கண்டதும் உங்கள் கையை ஆசையாகப் பார்த்தால் அடுத்த படி: தோளிலிருந்து கையை இறக்கிப் பாதத்தைத் தொடுவது, விரலை லேசாக அழுத்துவது, நகவெட்டி நகத்தில் பட்டு விலகுவது. ‘டக்’ சத்தம் பழக, விளக்குமாற்று ஈர்க்கை அருகில் வைத்து நறுக்கிக் காட்டுங்கள். உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, உடம்பு விறைத்தாலோ ஒரு படி பின்வாங்குங்கள். உறுமினால் அதட்டாதீர்கள். அதட்டி அடக்கிய நாய் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கலாம்.

இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். நகம் அதுவரை தாங்காது என்றால், கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். மறுபடி அமுக்க வேண்டாம்.

வெட்டத் தொடங்கும்போது நாளுக்கு ஒரே நகம். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் சதைக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகமென்றால் 1 மி.மீ. சீவல்களாக எடுங்கள், வெட்டிய முகத்தின் நடுவே கரும்புள்ளி தென்பட்டால் அதோடு சரி. மழுங்கிய நகவெட்டி நகத்தை நசுக்கும், வலி அதிலும் வரும். ரத்தம் கசிந்தால் கார்ன்ஃப்ளார் மாவை வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். முன்னங்காலின் உள்பக்கம் சற்று உயரத்தில் இருக்கும் நகத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தரையில் தேயாது. வளைந்து சதைக்குள்ளேயே குத்தும்.

ஒரு பாதத்தை மட்டும் தொடவிடவில்லை என்றால் பழக்கத்தைக் குறை சொல்லாமல் விரலிடுக்கைப் பாருங்கள். உண்ணியோ பிளந்த நகமோ இருக்கலாம்.

பல் பட்டுவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.